புதுப்பிப்பு: கருமணல் வெளியிலும் ஏரிக்கரையிலும் எடுத்த படங்கள்

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் எரிமலைக்குப் போகும் வழியிலுள்ள பிளேன் தே சாப்ல் வெளியிலும், கிரான் எத்தான் ஏரிக்கரையிலும் தங்கச்சியையும் அவள் தோழியையும் கைத்தறிப் புடவையில் படம் எடுக்க வேண்டும், வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்று உங்களிடம் கேட்டிருந்தேன். எடுத்தாகிவிட்டது.

சாப்ல் வெளி சுமார் 2,300 மீட்டர் உயரம். மணல் என்று பேர்தான். காலடியில் நொறுங்குவது கருஞ்சிவப்பு எரிமலைக் கல். அந்தத் தரை வெளிச்சத்தைக் குடித்துவிடும். கீழிருந்து முகத்துக்கு எதுவும் திரும்பாது, கண்ணுக்கடியில் நிழல் விழும். நீங்கள் சொன்ன வெள்ளை ரிஃப்ளெக்டரை (வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும் பலகை) இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்ததும் முகம் தெளிந்தது. அடிக்கிற காற்றில் அதைப் பிடிக்கவே ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று, இருண்ட தரையைப் பார்த்து கேமரா படத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, கொஞ்சம் குறைத்தால்தான் மாநிறம் மாநிறமாக வரும். எனக்கு அதுதான் முக்கியம். எங்கள் பெண்களை வெளுப்பாகக் காட்டும் படம் எனக்கு வேண்டாம். மஞ்சள் புடவை அந்தக் கருந்தரையில் அப்படி எடுப்பாக இருந்தது! விடிந்ததுமே தொடங்கிவிடுங்கள், நேரம் போகப் போக மேகம் ஏறிவிடும்.

ஏரியில் வேலை சுலபம். மலைச்சுவரின் நிழலில் வெளிச்சம் மென்மையாகக் கிடைக்கும். போலரைசரை (லென்ஸில் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றிவிட்டேன், அது தண்ணீரில் தெரியும் மலையின் பிம்பத்தை அழித்துவிடுகிறது. நீர்மட்டம் மழைக்கேற்ப ஏறி இறங்கும், முன்பு பார்த்த கரையை நம்பிப் போக வேண்டாம்.

அப்புறம், அங்கே படம் எடுக்க அனுமதி வேண்டுமா என்று கேட்டவருக்கு: சாப்ல் வெளி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. விளம்பரப் படம் என்றால் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.