‘ஆஸ் குட் ஆஸ்’ நம்ம பக்கம் பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கானாடுகாத்தான் பங்காளி

பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பழைய வீட்டில், பின்பக்கத்து ரெண்டாங்கட்டுக் கூரையைப் பார்க்க ஒரு எஞ்சினியரை வரவழைத்திருந்தோம். பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் இருந்த நேரம், வளவில் பங்காளிகள் கூட்டம். அறிக்கை முழுக்க இங்கிலீஷ். பெரியப்பச்சிதான் (பெரியப்பா) வாசித்தார். பின்கட்டுக் கூரை ‘ஆஸ் குட் ஆஸ் கான்’ (as good as gone) என்று ஒரு வரி. அந்த ‘குட்’ மேல் விரலை வைத்து, “பாத்தியளா, குட்டுன்னு போட்டிருக்கான்” என்றார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வசூலிப்பதாக இருந்த பேச்சு அதோடு அடங்கிவிட்டது. ஐப்பசி மழையில் கூரை உட்கார்ந்தது. கூரை ஏறக்குறைய போய்விட்டது என்றுதான் எஞ்சினியர் எழுதியிருந்தார்.

கூரை போனது போகட்டும். பெரியப்பச்சி பினாங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அங்கிருந்து அவர் எழுதிய இங்கிலீஷ் கடிதங்கள் இன்னும் எங்கள் பெட்டகத்தில் கிடக்கின்றன. அந்த விரல் தெரியாமல்தான் அங்கே போய் நின்றதா? அவருக்குப் புள்ளி ஒன்று, மகன்களோடு சேர்த்தால் நாலு. வசூல் என்று வந்தால் அதிகம் கொடுக்க வேண்டியவர் அவர்தான். கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடியில் பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு வெளிநாட்டு அம்மா, எனாமல் அடுக்குக் கேரியர் ஒன்றை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுத்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். விற்றுவிட்டது என்று நினைத்தேன். முதலாளி சும்மா இருக்காமல், “ஆஸ் குட் ஆஸ் நியூ, மேடம்” என்று ஒரு போடு போட்டார். அந்த அம்மா கேரியரை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, தேங்க்யூ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழசைத் தேடி வந்தவரிடம், சரிபண்ணிப் புதுசு மாதிரி ஆக்கியது என்று சொன்னால் யார் வாங்குவார்? ‘நியூ’ என்பது எங்கள் தெருவில் வாயில் வரவே கூடாத சொல். முதலாளி இன்றுவரை, அந்த அம்மாவிடம் காசு இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கானாடுகாத்தான்காரருக்கு: பெரியவரைச் சந்தேகப்படாதீர்கள். தெரிந்த சொல்லில்தான் கண் போய் நிற்கும். எங்கள் முதலாளியும் இங்கிலீஷ் பேசுகிறவர்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

மேலே சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கு எழுதியவருக்கு அந்தத் தொடர் தெரியாமல் இருக்காது. ‘கான்’ என்ற சொல்லைத் தாண்டிப் போனார் பாருங்கள், அங்கேதான் விஷயம்.

என் அனுபவம் சின்னது. ஒரு பையனின் ரேங்க் கார்டில், பண்பான பிள்ளை என்ற பொருளில் ‘ஆஸ் குட் ஆஸ் கோல்டு’ என்று எழுதினேன். மறுநாள் அவனுடைய அப்பா கார்டோடு வந்து நின்றார். “தங்கம்னு எழுதியிருக்கிய, அப்புறம் இங்கிலீஷ்ல ஏன் சார் 38?”

பொதுவாக ஒன்று சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ‘நோ அதர் மெட்டல் இஸ் ஆஸ் காஸ்ட்லி ஆஸ்…’ என்று டிகிரி மாற்றுவதை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதில் இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து அளக்கிறோம். ‘திஸ் காபி இஸ் ஆஸ் குட் ஆஸ் தட்’ என்பதும் அந்த வகை, அங்கே ‘குட்’ நல்லதுதான். ஆனால் பின்னால் டன், டெட், ஃபினிஷ்டு, கான் போல முடிந்துபோனதைக் காட்டும் சொல் வந்தால், ‘குட்’டில் நல்லது ஒன்றும் கிடையாது. அது ‘ஏறக்குறைய’ என்றாகிவிடும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘ஆல்மோஸ்ட்’ போட்டுப் படியுங்கள், வாக்கியம் நின்றால் பெரும்பாலும் பொருள் அதுதான். ‘தி ஒர்க் இஸ் ஆஸ் குட் ஆஸ் டன்’ என்றால் வேலை முடிந்த மாதிரிதான், ஆனால் முடியவில்லை. வினைக்கு முன்னாலும் வரும்: ‘ஹி ஆஸ் குட் ஆஸ் கால்டு மீ எ லையர்.’ பொய்யன் என்ற சொல்லை அவன் சொல்லவில்லை, மற்ற எல்லாம் சொல்லிவிட்டான். ‘ஆஸ் குட் ஆஸ் ஹிஸ் வேர்டு’ வேறு கதை, சொன்ன சொல் தவறாதவர் என்று பொருள். ‘நாட் ஆஸ் குட் ஆஸ்’ என்றால் பெரும்பாலும் பழைய ஒப்பீட்டுக்கே திரும்பிவிடும். தினமும் பத்து வாக்கியம் நோட்டில் எழுதிப் பழகுங்கள். பெரியவர்களும் எழுதலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மேஸ்திரி மகன்

சார், நோட்டு போடும் வயது போய்விட்டது.

சிங்கப்பூர் ஓனர் ஒருத்தர் போனில் ‘ஆஸ் குட் ஆஸ் ஃபினிஷ்டா?’ என்று கேட்டார், எங்கள் அப்பா ‘யெஸ் சார்’ என்றார், அவர் பால் காய்ச்ச நாள் குறித்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். தரைக்கு ஆத்தங்குடிக் கல் அப்போதுதான் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது கூரைக்காக. கானாடுகாத்தான் அண்ணே, உட்கார்ந்த கூரையைத் தூக்கும்போது அவசரப்பட்டு சிமென்ட் பக்கம் போகாதீர்கள். பழைய சுவர் சுண்ணாம்பு. அது ஈரத்தை இழுக்கும், பிறகு தானே வெளியே விடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று காரை உப்பிப் பெயரும். முதலில் உத்தரமும் சட்டமும் சுவரில் போய் உட்காரும் முனைகளைக் குத்திப் பாருங்கள், பர்மாத் தேக்காகவே இருந்தாலும் தண்ணீர் நின்றால் அங்கேதான் உளுக்கும். நல்ல நாட்டு ஓட்டைத் தனியாகப் பிரித்து அடுக்கி வையுங்கள், திரும்பப் பயன்படும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த ஆள் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். சித்திரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

எல்லாரும் கூரையிலேயே நிற்கிறீர்களே. எங்கள் வீட்டில் கல்யாணமே ஆடிப்போனது.

நாத்தனார் மகனுக்குப் பெண் பார்த்தோம். சம்பந்தம் ஒத்துவருமா என்று கோயில், பிரிவு எல்லாம் கேட்டாயிற்று, இடைஞ்சல் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பெண்ணின் அண்ணன் ‘ஆஸ் குட் ஆஸ் ஃபிக்ஸ்டு’ என்று வாட்ஸப்பில் போட்டான். நாத்தனார் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வைரத் தோட்டை அழித்துச் செய்யக்கூடக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் அவர்கள் வேறு இடம் பேசி முடித்துக்கொண்டார்கள். கேட்டால், “நாங்க முடிவுன்னு எழுதலையே ஆச்சி” என்கிறான் அந்தப் பையன். ஆசிரியர் சொன்ன ‘ஆல்மோஸ்ட்’ போட்டுப் பார்த்தால் அவன் எழுதியதில் தப்பு இல்லைதான். ஆனால் அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. நழுவுவதற்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறான். இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்து விழாமல் இனி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வழிகாட்டி

நான் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவன். ஒரு லண்டன்காரர், முகப்பிலிருந்து அடுப்படி வரை பார்த்துவிட்டு, இலைச் சாப்பாடும் முடித்துவிட்டு, விருந்தினர் நோட்டில் ஒரே வரி எழுதினார்: ‘ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்.’ முதலாளிக்கு ஒரே சந்தோஷம், அதைப் பெரிய எழுத்தில் போர்டாக்கி வாசலில் மாட்டிவிட்டார். ஆனால் எழுதும்போது அந்த லண்டன்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. இதைவிட மேலானது கிடையாது என்றாரா, இவ்வளவுதான் கிடைக்கும் போல என்றாரா? அன்றைக்கு ஏசி வேறு ஓடவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

இரண்டுக்கும் இடம் உண்டு. சாப்பாட்டில் உப்பு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.