நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை

யாழி_அம்மா:
மகளுக்கு ஐந்து வயது. போன வருடம் வரை வாய் ஓயாமல் கேள்வி கேட்பாள், பள்ளிக்குப் போன பிறகு குறைந்துகொண்டே வருகிறது. நேற்று இரவு பஸ்ஸில் "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி விடு, அப்புறம் சொல்றேன்னுதானே சொல்லுவ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசு கேட்கவே இல்லை. வேலைக்குப் போய் வருகிறேன், நேரமும் குறைவு. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கொங்குத்தமிழன்:
பதிலைச் சொல்லிவிடாதீர்கள், சகோதரி. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது ரோட்டோர விளக்குக் கம்பம், வயலுக்கு அந்தப் பக்கம் தெரியும் பனைமரம், அதற்கும் பின்னால் இருக்கும் மலை, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பம் பறக்கும், பனை மெதுவாக நகரும், மலை நகர்வதே தெரியாது. நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அது எங்கே பின்னால் போகப்போகிறது! என் மகன் மூன்று பயணத்துக்குப் பிறகுதான் "தூரமா இருக்கறது மெதுவா ஓடுதுப்பா" என்றான், அதை அவனே கண்டுபிடித்துச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

டீச்சர்_மதுரை:
பதினெட்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நாங்கள் செய்கிற தப்பையும் சொல்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை யோசிக்கும் முன்பே நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதையே மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, அவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். தப்பான பதில் வந்தாலும் உடனே திருத்த வேண்டாம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, சமைக்கும்போதே நடக்கும். ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு தண்ணீரில் போட்டால் மிதக்கும், உரித்துப் போட்டால் மூழ்கும், ஏன் என்று அவளையே யோசிக்க விடுங்கள்.

ராஜி72:
டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் எல்லாவற்றுக்கும் திருப்பிக் கேள்வியே கேட்டால் பிள்ளை சலித்துப்போகும். என் பேத்தி ஒருநாள் "பாட்டி, உனக்குத் தெரியும்னா சொல்லு" என்று அழுதேவிட்டாள். பறவையின் பெயர், சொல்லுக்கு அர்த்தம், பிளக்கில் ஏன் கை வைக்கக் கூடாது, இதெல்லாம் நேராகச் சொல்ல வேண்டியவை. பார்த்தும் தொட்டும் கண்டுபிடிக்கக்கூடியதை மட்டும் அவளிடம் விடுங்கள்.

யாழி_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இன்று பஸ் பயணம் இல்லை, அதனால் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் "நீ என்ன நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள், "நான் நின்னா அதுவும் நிக்குது" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நாளைக்குத் தம்பியை ஒரு கோடியிலிருந்து அந்தப் பக்கமாக நடக்கவிட்டு, இவள் எதிர்ப்பக்கமாக நடந்து, நிலா யார் பின்னால் போகிறது என்று பார்க்கப்போகிறாளாம்.