‘கோஸ்ட்’ – தமிழில் எந்தச் சொல்?
நண்பர்களே, வணக்கம். 2002-இல் ஜப்பானில் வெளியான ‘கோஸ்ட் இன் தி ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ அனிமே தொடரைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மனித மூளைக்குள்ளேயே ஊடுருவும் இணையக் குற்றவாளிகளையும் பயங்கரவாதிகளையும் துரத்தும் ‘பிரிவு 9’ படையின் கதை.

அந்தப் படையைக் களத்தில் வழிநடத்தும் மேஜர் குசனாகியின் உடல் முழுக்கச் செயற்கை. அதனுள் எஞ்சியிருக்கும் ‘நான்’ என்பதைத்தான் தொடர் ‘கோஸ்ட்’ என்கிறது. அங்கேதான் என் பேனா நின்றுவிட்டது. ‘ஆவி’ என்றால் பேய்க்கதை ஆகிவிடுகிறது. ‘ஆன்மா’ என்றால் கோயில் பிரசங்கம். ‘உயிர்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் படைவீரர் பாட்டோ ஊற்றும் இயற்கை எண்ணெய்க்குக் குழந்தைபோல் குதூகலிக்கும், தானாகச் சிந்திக்கும் ‘டச்சிகோமா’ போர் இயந்திரங்களுக்கும் அது உண்டா என்பதல்லவா கேள்வி! அவற்றை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பொருத்தமான சொல் தோன்றினால் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.