மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஒரு நம்ம ஆள்

பண்ருட்டியிலிருந்து:
கோடையில் எங்கள் கொய்யாக் கொல்லையில் மாவுப்பூச்சி அப்பிவிட்டது. காம்பு, பிஞ்சு, இலையடி எல்லாம் வெள்ளை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு வாங்கி, மரத்துக்குப் பத்து என்று சாயங்காலத்தில் விட்டோம். நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். முதுகு கறுப்பு, தலையும் பின்பக்க நுனியும் செம்மஞ்சள். சிவப்பில் புள்ளி எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அப்புறம் ஒரு நாள், களை எடுக்க வந்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, வண்டு விட்டும் பூச்சி குறையல, பெருசாத்தான் ஆயிருக்கு!" கொத்தை ஒடித்துப் பார்த்தால், வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக ஒன்று. அதுதான் இந்த வண்டின் புழு. குச்சியால் தொட்டதும் விறுவிறுவென்று நடந்தது. மாவுப்பூச்சிக்கு அந்தச் சுறுசுறுப்பு ஏது? இன்னொரு புழு மாவுப்பூச்சியின் பஞ்சு மாதிரியான முட்டைப் பொதிக்குள் தலையை விட்டு முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. தாய் வண்டு முட்டையிடுவதும் அந்தப் பொதியை ஒட்டித்தான். மருந்தடிக்கிற கையைக் கட்டிப்போட வேண்டிய நேரம் இது.

வில்லியனூரிலிருந்து:
எங்கள் மாடியில் செம்பருத்திக்கு விட்டேன். எறும்பைக் கவனியுங்கள் அண்ணே. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக அதைக் காவல் காத்து, வண்டை விரட்டும். தண்டில் பசைப் பட்டை சுற்றி, சுவரைத் தொடும் கிளைகளை வெட்டிய பிறகுதான் வண்டு நிம்மதியாக மேய்ந்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
வண்டு வளர்க்கும் இடத்தில் பார்த்திருக்கிறேன். பரங்கிக்காய் முழுக்க மாவுப்பூச்சியை ஏற்றி, அதில்தான் வண்டை விடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பூச்சி இது. 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்கத்தான். அதில் பெரிதாகச் சாதிக்கவில்லை, மாவுப்பூச்சியில் பெயர் வாங்கிவிட்டது! என் வீட்டுக் கொய்யாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மாவுப்பூச்சி இருக்கிறது. இப்போதே வாங்கி விடலாமா?

பண்ருட்டியிலிருந்து:
வேண்டாம். அந்தக் கிளைகளை மட்டும் கழித்து, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், போதும். தின்ன நிறைய இருந்தால்தான் வண்டு தங்கிப் பெருகும். இல்லையென்றால் உங்கள் காசில் பக்கத்துக் கொல்லைக்காரருக்குத்தான் லாபம்.