விரல் நீட்டும் போஸ்டரும் 40 லட்சமும்

ஏட்டுப்பூச்சி: பழைய நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கும் நம் திட்டத்துக்கு ஆள் சேர்க்கிற போஸ்டரைப் பார்த்தேன். மீசைக்காரர் ஒருவர் நம் மூக்குக்கு நேரே விரலை நீட்டுகிறார். கேட்டால் கரிக்கோல் சொல்கிறார், 1917-ல் முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்த போஸ்டரில் அமெரிக்காவின் அடையாளமான அங்கிள் சாம் தாத்தா விரல் நீட்டியதைப் பார்த்து 40 லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்களாம். ஐயா, 40 லட்சம் என்பது அச்சடித்த போஸ்டர்களின் கணக்கு. ஆள் கணக்கு இல்லை!

கரிக்கோல்: அந்தப் போரில் அமெரிக்கப் படையில் 40 லட்சத்துக்கு மேல் இருந்தார்களே? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டா போனார்கள்?

ஏட்டுப்பூச்சி: அதில் சுமார் 28 லட்சம் பேர் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர்கள். 1917 மே மாதமே சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் சட்டமா இருக்கிறது? சனிக்கிழமை சாயங்காலம் காசில்லாமல் உழைக்க வருகிறவனை மிரட்டினால் வருவானா? மறுபடி சொல்கிறேன், 40 லட்சம் போஸ்டர்.

மேலவீதி: நூலகப் பலகையில் 'சான்றிதழ் காணவில்லை' அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. என் சித்தி பார்த்துவிட்டு, "யாரைத் தேடுறாங்க, கடன் கட்டாதவங்களையா?" என்றார்.

கரிக்கோல்: உங்கள் சித்திக்குக் கலை புரியவில்லை என்றால் நான் என்ன செய்ய? சரி, பிரிட்டனுக்கு வாருங்கள். ஆல்ஃபிரட் லீட் வரைந்த படத்தில் போர் அமைச்சர் கிச்சனர் 1914-லேயே விரல் நீட்டினார். அங்கே 1916 வரை கட்டாயமே கிடையாது. தானாக வந்தவர்கள்தான். இதற்கு என்ன பதில்?

ஏட்டுப்பூச்சி: கிச்சனருக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த 40 லட்சத்தை வாபஸ் வாங்குங்கள்.

மேலவீதி: என் சித்தி 20 வருடம் ஓவிய ஆசிரியை.

ஏட்டுப்பூச்சி: இன்னொன்று. போஸ்டரில் 'உங்களை தேடுகிறோம்' என்று இருக்கிறது. மெய்ப்புப் பார்க்க ஆள் கூப்பிடும் போஸ்டரிலேயே 'த்' காணோம்.

கரிக்கோல்: போன வருடம் நீங்கள் வரைந்த போஸ்டரில் எறும்புகள் எழுத்துகளைச் சுமந்துகொண்டு வரிசையாகப் போயின. ஒற்றுப்பிழை இல்லைதான். வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் பூச்சிமருந்து விசாரிக்க வந்தார்.

ஏட்டுப்பூச்சி: மற்ற இருவரும் இன்றுவரை வேலை செய்கிறார்கள்! எறும்பைப் பார்த்தால் 'நானும் ஓர் எழுத்தைத் தூக்கலாம்' என்று தோன்றும். விரலைப் பார்த்தால் 'இங்கே ஒரு மேஸ்திரி இருக்கிறார்' என்றுதான் தோன்றும். அங்கிள் சாமை வரைந்த ஃபிளாக் தன் முகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். நம் மீசைக்காரர் யார் சாயல் என்று நான் சொல்லவில்லை.

கரிக்கோல்: என் மீசையை இதில் இழுக்க வேண்டாம்.

மேலவீதி: சித்தியை இழுத்தது மட்டும் சரியா?

புதுவரவு: வணக்கம். போஸ்டர் பார்த்தேன், அதில் முகவரி இல்லை. நூலகத்து அக்காவிடம் கேட்டு இங்கே வந்தேன். எப்படிச் சேர்வது?

கரிக்கோல்: பார்த்தீர்களா? விரல் கூட்டி வந்துவிட்டது.

ஏட்டுப்பூச்சி: ஒருவர். இன்னும் 39,99,999 பேர் பாக்கி. தம்பி, கொஞ்சம் இருங்கள், அவர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.