உபுண்டு ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவு: ஹெட்போனில் குரல் பின்தங்கிக் கேட்கிறது

தண்ணீர்மலை_தாளம் (பினாங்கு):

வணக்கம். ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பஜனைக் குழு தைப்பூசத்துக்கு முன்னால் சில முருகன் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்து தண்ணீர்ப் பந்தலில் ஒலிக்கவிட நினைக்கிறது. பாட்டெல்லாம் குழுவில் ஒருவர் சொந்தமாக எழுதி மெட்டமைத்தவை. பாடுவது என் அத்தை, ஆர்மோனியம் நான், மிருதங்கம் மாமா மகன்.

கையில் இருப்பது பழைய திங்க்பேட், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. அதில் உபுண்டு ஸ்டுடியோ 24.04 (ஒலி, ஒளிப் பதிவு வேலைக்கான லினக்ஸ்) போட்டிருக்கிறேன். இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டன்சர் மைக், ஒரு டைனமிக் மைக். ஆர்டர் (Ardour) என்ற பதிவு மென்பொருள் திறக்கிறது, டிராக்கில் ஒலியும் பதிகிறது, அதுவரை பிரச்சினை இல்லை.

ஆனால் அத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடினால் அவருடைய குரல் அவருக்கே பின்னால் வந்து கேட்கிறது, தாளம் நழுவிப் பாட்டை நிறுத்திவிடுகிறார். பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 1024ல் இருந்தது. 64க்கு இறக்கினேன், தாமதம் குறைந்தது, ஆனால் கரகரவென்று சத்தம், எக்ஸ்ரன் (கணினி நேரத்துக்கு முடிக்காமல் ஒலி அறுபடுவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இணையத்தில் ஒரு பழைய வழிகாட்டியைப் பார்த்து கியூஜாக்கன்ட்ரோல் மென்பொருளில் ஜாக் என்ற ஒலிச் சேவையைத் தனியாக ஓடவிட்டேன், அப்புறம் பிரவுசரில் எந்தச் சத்தமும் வரவில்லை. புதுக் கணினி வாங்க வேண்டுமா, அல்லது கெர்னலில் (லினக்ஸின் உள்மையத்தில்) ஏதாவது மாற்ற வேண்டுமா? விண்டோஸுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):

புதுக் கணினி வேண்டாம் தம்பி, கெர்னல் பக்கமும் போகாதீர்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து மாமா மகனுக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், காதை முழுதாக மூடும் வகை, அதுதான் பதிவுக்கு உதவும்.

முதலில் ஜாக் விஷயம். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பல்ஸ்ஆடியோ ஒரு பக்கம், ஜாக் ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக ஓடிய காலத்தில் எழுதியவை. உபுண்டு 22.10 முதல் பைப்வயர்தான் வழக்கமான ஒலிச் சேவை, பல்ஸ்ஆடியோவின் வேலையையும் ஜாக்கின் வேலையையும் அதுவே பார்க்கிறது. அது ஓடும்போது நீங்கள் பழைய ஜாக்கையும் எழுப்பினால் இரண்டும் ஒரே இன்டர்ஃபேஸுக்குச் சண்டை போடும், ஜாக் பிடித்துக்கொண்டால் பிரவுசர் ஊமையாகிவிடும். அதனால் கியூஜாக்கன்ட்ரோலை மூடுங்கள், தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆர்டரைத் திறக்கும்போது வரும் ஆடியோ/மிடி செட்டப் பெட்டியில் ஜாக்கைத் தேர்ந்தெடுக்காமல் அல்சாவை (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) தேர்ந்தெடுங்கள். ஆர்டர் நேராக இன்டர்ஃபேஸோடு பேசும், நடுவில் யாரும் இல்லை. ஆர்டர் திறந்திருக்கும் வரை அந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் பிரவுசர் சத்தம் வராது, அது கோளாறு இல்லை. சுருதிப் பெட்டி ஒலியைப் பிரவுசரில் ஓடவிட்டுப் பாடலாம் என்று நினைத்திருந்தால் அதைக் கோப்பாக எடுத்து ஆர்டரிலேயே ஒரு டிராக்கில் போட்டுவிடுங்கள். சாம்பிள் ரேட் (ஒரு செகண்டில் ஒலியை எத்தனை முறை அளப்பது) 48,000 ஹெர்ட்ஸ் போதும், 96,000 போட்டால் கணினிக்குத்தான் சுமை.

இப்போது தாமதம். பஃபரின் 1024 ஃபிரேமை 48,000ஆல் வகுத்தால் 21 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒரு தரம், வெளியே வர ஒரு தரம், ஆக 42க்குக் குறையாது, யூஎஸ்பி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஒலி காற்றில் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 15 மீட்டர் போய்விடும். தன் குரலே அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வந்தால் யாருக்கும் தாளம் நிற்காது, அத்தை மேல் தவறே இல்லை. ஆனால் இதற்கு மருந்து பஃபரைக் குறைப்பது இல்லை. உங்கள் இன்டர்ஃபேஸின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் அல்லது திருகு இருக்கும், பாருங்கள். அதைப் போட்டால் மைக்கில் வரும் குரல் கணினிக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்போனுக்குப் போய்விடும், தாமதம் காதுக்குத் தெரியவே தெரியாது. கூடவே ஆர்டரின் பிரிஃபரன்சஸில் ரெக்கார்ட் மானிட்டரிங்கை ஆடியோ ஹார்டுவேர் கவனிக்கட்டும் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு முறை கேட்கும். பஃபர் 1024லேயே இருக்கட்டும். பதிவு நடக்கும்போது பஃபர் பெரிதாக இருப்பது நல்லது, ஒரு எக்ஸ்ரன்கூட வராமல் எடுத்துவிடலாம்.

லைவ் மேடையில் சிந்தசைசர் வாசிப்பவருக்கும், கித்தாரைக் கணினி வழியாக ஆம்ப் ஓசையாக மாற்றுபவருக்கும்தான் 64, 128 எல்லாம் தேவை. பாட்டுப் பதிவுக்காக அதைத் துரத்துவது வீண் அலைச்சல் என்பது என் உறுதியான கருத்து.

ரீப்பர்_ரசிகன்:

ஆர்டரோடு மல்லுக்கட்டுவதை விட ரீப்பர் போடலாமே? லினக்ஸுக்கே நேரடிப் பதிப்பு இருக்கிறது, 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், சொந்த உபயோக உரிமம் 60 அமெரிக்க டாலர். பழைய மடிக்கணினியிலும் லேசாக ஓடும்.

செந்தூல்காரன்:

ரீப்பர் நல்ல மென்பொருள்தான், மறுப்பில்லை. ஆனால் இவருடைய சிக்கல் மென்பொருளில் இல்லை. 1024 பஃபரில் ரீப்பர் வழியாகக் கேட்டாலும் அதே 42 மில்லிசெகண்ட்தான். உபுண்டு ஸ்டுடியோவில் ஆர்டர் கூடவே வருகிறது, காசும் இல்லை, முதலில் அதையே பயன்படுத்திப் பார்க்கட்டும்.

தண்ணீர்மலை_தாளம்:

அண்ணே, ரொம்ப நன்றி. டைரக்ட் மானிட்டர் சுவிட்ச் முன்னாலேயே இருந்தது. போட்டதும் தாமதம் சுத்தமாகப் போய்விட்டது, பிரவுசர் சத்தமும் திரும்பி வந்துவிட்டது. இப்போது வேறு இரண்டு பிரச்சினை. அத்தைக்குக் குரல் வறட்டென்று கேட்கிறதாம், கோயில் மைக்கில் வரும் எக்கோ இல்லாமல் பாட வரவில்லை என்கிறார். இன்னொன்று, குரலும் ஆர்மோனியமும் பதிந்த பிறகு அதைக் கேட்டுக்கொண்டே மிருதங்கத்தைத் தனியாக எடுத்தோம். வாசிக்கும்போது சரியாக இருந்தது, திரும்பப் போட்டுக் கேட்டால் மிருதங்கம் ஒரு சின்ன இழுப்பு பின்னால் நிற்கிறது. மாமா மகன் தாளம் தப்புகிற ஆள் இல்லை.

பட்டர்வொர்த்_அக்கா:

தம்பி, எக்கோவுக்கு நான் வழி சொல்கிறேன், மற்றதைச் செந்தூல் அண்ணன் சொல்வார்.

அத்தை கேட்பது நியாயமான விஷயம். பாடுகிறவருக்கு ஹெட்போனில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் சுருதியில் நிற்க மனம் வரும், வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு பக்திப் பாட்டைப் பாடச் சொல்வது கொடுமை. டைரக்ட் மானிட்டர் அப்படியே இருக்கட்டும். ஆர்டரில் டிராக் இல்லாமல் ஒரு பஸ் (ஒலியைப் பதியாமல் கடத்த மட்டும் செய்யும் வழி) சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த பஸ்ஸின் இன்புட்டை அத்தையின் மைக் இருக்கும் சேனலோடு இணையுங்கள். அதில் டிராகன்ஃபிளை ஹால் ரிவர்ப் என்ற முழக்கம் சேர்க்கும் செருகியைப் போட்டு, டிரை லெவலை (முழக்கம் சேராத நேர்க்குரலின் அளவை) அடியோடு சுழியாக்கிவிடுங்கள், முழக்கம் மட்டும்தான் வெளியே வர வேண்டும். இப்போது நேர்க்குரல் இன்டர்ஃபேஸிலிருந்து உடனே வரும், முழக்கம் கணினி வழியாக 40, 50 மில்லிசெகண்ட் கழித்து வரும். முழக்கம் தாமதமாக வருவது காதுக்கு உறுத்தாது, பெரிய மண்டபத்தில் இயல்பாகவே அப்படித்தான் வருகிறது. பஸ்ஸில் இருப்பது எதுவும் குரல் டிராக்கில் பதியாது, பதிவு சுத்தமாகத்தான் இருக்கும், எவ்வளவு எக்கோ வேண்டும் என்பதைக் கலவை செய்யும்போது முடிவு செய்துகொள்ளலாம். பாட்டை வெளியே எடுக்கும் முன் அந்த பஸ்ஸை மியூட் செய்ய மறக்காதீர்கள்.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை உச்சஸ்தாயியில் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டியதில்லை. 24 பிட் பதிவில் மெதுவாக எடுத்த குரலை அப்புறம் ஏற்றலாம், உடைந்துபோன குரலை எதுவும் செய்ய முடியாது. கண்டன்சருக்கு 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும், அந்த மைக்கின் முதுகு ஆர்மோனியத்தைப் பார்க்கும்படி அத்தையை உட்கார வையுங்கள். கார்டியாய்ட் மைக் என்றால் முதுகுப் பக்கச் சத்தத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். காற்றாடியை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. கூரை தகரமாக இருந்தால் மழை நாளில் எடுக்கவே வேண்டாம், கண்டன்சர் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஹெட்போனில் ஓயாமல் ஊம் என்று ஒரு சத்தம் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

செந்தூல்காரன்:

அக்கா சொன்ன பஸ் வழி அருமை, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மிருதங்கம் பின்தங்குவது வேறு கணக்கு. மாமா மகன் கேட்ட பாட்டு இன்டர்ஃபேஸ் வழியாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் அவர் காதுக்கு வந்தது, அவர் அதற்குச் சரியாக வாசித்தார், அந்த வாசிப்பு கணினிக்குள் போகவும் கொஞ்ச நேரம் ஆனது. பஃபரால் வரும் பங்கை ஆர்டர் தானே கழித்துவிடும். யூஎஸ்பியும் இன்டர்ஃபேஸும் உள்ளுக்குள் சேர்க்கும் பங்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

ஒரு கித்தார் கேபிளை எடுத்து இன்டர்ஃபேஸின் 1ஆம் அவுட்புட்டிலிருந்து 1ஆம் இன்புட்டுக்கு மாட்டுங்கள். 48 வோல்ட் பொத்தான் அணைந்திருக்கட்டும், டைரக்ட் மானிட்டரையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும், ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ஆர்டரின் ஆடியோ/மிடி செட்டப்பில் காலிப்ரேட் என்று இருக்கும். அதில் அந்த அவுட்புட்டையும் இன்புட்டையும் தேர்ந்தெடுத்து அளக்கச் சொன்னால் ஒரு எண் வரும், அந்த முடிவைப் பயன்படுத்து என்று அழுத்திவிடுங்கள். இதற்குப் பிறகு எடுக்கும் மிருதங்கம் பாட்டோடு ஒட்டி உட்காரும். பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும். யூஎஸ்பியைக் கழற்றி மாட்டினாலும் சின்ன வித்தியாசம் வரலாம், ஒரு பாட்டை முடிக்கும் வரை கழற்றாமல் இருப்பது உத்தமம். ஏற்கெனவே எடுத்ததைத் தூக்கிப்போட வேண்டாம், அந்தத் துண்டைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும்.

ஆக உங்களுக்கு இருந்தது இரண்டு வெவ்வேறு தாமதம். பாடும்போது காதில் கேட்பதற்கு டைரக்ட் மானிட்டர், பதிந்தது இடம் மாறி விழுவதற்கு இந்த அளவீடு. இதில் எதற்கும் கெர்னல் மாற்றம் தேவைப்படவில்லை பாருங்கள்.

மின்ட்_பயனர் (ஷா ஆலம்):

குறுக்கே ஒரு கேள்வி. நான் லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறேன், பஃபர் 512ல்கூட கரகரக்கிறது.

செந்தூல்காரன்:

உபுண்டு ஸ்டுடியோ இதை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும், மின்ட்டில் நீங்கள் செய்ய வேண்டும். உங்கள் பயனர் ஆடியோ குழுவில் இருக்கிறாரா, அந்தக் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமையும் நினைவகப் பூட்டு அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் பலிக்கும். சிபியு கவர்னரை (ப்ராசசரின் வேகத்தை நிர்வகிக்கும் அமைப்பு) பெர்ஃபார்மன்சில் வையுங்கள், வைஃபையை அணையுங்கள், இன்டர்ஃபேஸை ஹப்பில் மாட்டாமல் நேராகக் கணினியில் மாட்டுங்கள்.

தண்ணீர்மலை_தாளம்:

அளந்துவிட்டேன், மிருதங்கம் இப்போது கச்சிதமாக உட்காருகிறது. அத்தைக்கும் பஸ் வழி ரொம்பப் பிடித்துவிட்டது, ஒரே மூச்சில் பாடி முடித்தார். கடைசியாக ஒன்று. மிருதங்கத்துக்குக் கண்டன்சரை வலந்தலைப் பக்கமும் (வலது முகம்) டைனமிக்கைத் தொப்பிப் பக்கமும் (இடது முகம்) வைத்தோம். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் தொப்பியின் கும்காரம் (ஆழ்ந்த அடிநாதம்) மெலிந்துபோகிறது. பந்தலில் அதுதானே வேண்டும்.

பட்டர்வொர்த்_அக்கா:

மைக் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு எதிரெதிரே நிற்கின்றன லா, அதுதான் காரணம். மிருதங்கம் அதிரும்போது ஒரு மைக்குக்குக் காற்று முன்னால் தள்ளுகிற நேரத்தில் மற்றதுக்குப் பின்னால் இழுக்கலாம், சேர்த்தால் அடிநாதம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆர்டரின் மிக்சரில் தொப்பி டிராக்கின் மேல்பகுதியில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் அலை தலைகீழாகும். போட்டும் எடுத்தும் கேளுங்கள், எதில் கும்காரம் தடிமனாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மோனோவில் வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். பந்தல் ஸ்பீக்கர்கள் பல இடங்களில் மோனோவில்தான் ஓடும், ஹெட்போனில் இடமும் வலமுமாகப் பிரித்துக் கேட்கும்போது இந்தக் கோளாறு சரியாகத் தெரியாது. மிருதங்க டிராக் இரண்டையும் ரொம்ப விலக்காமல் நடுவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, 48,000 ஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். பந்தல்காரர் பென்டிரைவில் எம்பி3தான் கேட்பார், அதை இந்த வேவிலிருந்து அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.