முள் பார்க்கில், வண்டி ரிவர்ஸில்: பழைய டிரக் ஆட்டோ கியர் அனுபவங்கள்

கிரீஸ்கை

கியர் லீவர் ஸ்டியரிங் தண்டின் மேல் இருக்கும் பழைய ஆட்டோ கியர் பிக்கப் டிரக். கொஞ்ச நாளாகவே பார்க்கில் ஸ்டார்ட் ஆகாது, நியூட்ரலில் ஆகும். கேட்டவர்கள் எல்லாரும் "ஸ்விட்ச் போயிருக்கும்" என்றார்கள், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் ஸ்விட்சைத்தான். அன்றைக்கு லீவரைப் பார்க்கில் தள்ளினேன், கியரைக் காட்டும் முள்ளும் பார்க்கில் நின்றது. சுமை இறக்குவதற்காக இன்ஜினை ஓடவிட்டு இறங்கிப் பின்பக்கம் போனால், ரிவர்ஸ் லைட் இரண்டும் எரிகின்றன. பகல் வெளிச்சம் என்பதால் சட்டென்று உறைக்கவில்லை. உறைத்தபோது வண்டி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் தாவி, ஓடிப்போய் ஒரு காலை உள்ளே விட்டு பிரேக்கை மிதித்தேன்.

அடியில் படுத்துப் பார்த்தால், லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் லிங்கேஜ் கம்பியின் பிளாஸ்டிக் புஷ் (கம்பி ஆடாமல் பிடிக்கும் வளையம்) பொடிப்பொடியாகிக் கிடந்தது. கம்பி தன்னைவிடப் பெரிய ஓட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. லீவர் முழுத் தூரம் போனாலும் கியர்பாக்ஸ் பக்கத்து லீவர் ரிவர்ஸ் பள்ளத்தைத் தாண்டவே இல்லை. முள் காட்டுவது மேலே இருக்கும் லீவரை மட்டும்தான், பெட்டிக்குள் என்ன விழுந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு வெள்ளை விளக்கும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

மேட்டுவண்டி

ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை நண்பரே. கோபப்படாதீர்கள்.

என் கதை இதற்கு நேர் எதிர். சுமையோடு செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள், லீவர் பார்க்கிலிருந்து வெளியே வரவே இல்லை. வண்டியின் மொத்த எடையும் உள்ளே பல்லில் விழுந்திருக்கும் அந்தச் சின்னக் கொக்கியின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வெடிச்சத்தம் மாதிரி ஒரு "டங்". கேபினே குலுங்கியது. கொக்கி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், உடையவில்லை.

மேட்டில் நிறுத்துகிறவர்கள் கால்பிரேக்கை மிதித்தபடியே முதலில் நியூட்ரலுக்குப் போங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை மெதுவாக எடுத்தால் எடை அதில் உட்காரும். அதற்கப்புறம் பார்க். எடுக்கும்போது கால்பிரேக்கை மிதித்துப் பார்க்கிலிருந்து லீவரை எடுத்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பியூஸ்பார்ட்டி

எனக்கும் லீவர் பார்க்கில் மாட்டிக்கொண்டது, ஆனால் சமதளத்தில். இன்ஜின் ஓடுகிறது, பிரேக் மிதிக்கிறேன், லீவர் அசையவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் "கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியைத் தேடப் போனார். அப்போதுதான் பின்னால் நின்றிருந்த பையன், "அண்ணே, பிரேக் மிதிக்கிறீங்களா இல்லையா? லைட்டே எரியலையே" என்றான்.

டிரெய்லருக்கு இழுத்திருந்த ஒயர் சட்டத்தில் உரசித் தோல் கிழிந்து, பிரேக் லைட் பியூஸைத் தின்றிருந்தது. பிரேக் சிக்னல் வந்தால்தான் லீவர் பூட்டு திறக்கும் வகை வண்டி அது. பியூஸ் மாற்றி, ஒயருக்கு டேப் சுற்றினோம், லீவர் வெண்ணெய் போல வந்தது. ஜாக்கியோடு திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சிவப்பு ஆயில்

மேலே எல்லாரும் லீவர், பியூஸ் என்றே பேசுகிறீர்கள், ஆயில் கம்பியை உருவிப் பார்த்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் அனுபவம் சின்னதுதான். நெடுநாள் நின்ற டிரக்கை ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டால் நகரவே இல்லை. ரேஸ் கொடுத்தும் அசையவில்லை. நியூட்ரலில் சிறிது நேரம் ஓடவிட்டேன், கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நிரம்பியதும் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பியது. டாட்ஜ் 727 வழி வந்த பெட்டிகளில் பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. அதனால்தான் அவற்றில் ஆயில் அளவையும் நியூட்ரலில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பார்க்கில் பார்த்துவிட்டு அளவு சரி என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும்.

சரி, ஆரம்பித்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். ஆயில் கருத்துக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் வழியாகக் கூலன்ட் கலந்துவிட்டது, அதோடு ஓட்டாதீர்கள், தட்டுகளின் ஒட்டு கரைந்து உரியும். ஃபோர்டு சி6, டர்போ 400 மாதிரி வேக்கம் மாடுலேட்டர் (இன்ஜின் உறிஞ்சும் வேக்கத்தை வைத்துக் கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் பாகம்) உள்ள பெட்டியில் கியர் தாமதமாக, உதைத்து மாறுகிறதா? மாடுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் சொட்டினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாக விடும். கீழே ஒழுகலே இல்லாமல் ஆயில் குறைவதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

1982-இல் வந்த ஜிஎம் 700ஆர்4 பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: கார்புரேட்டரிலிருந்து போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள், ஆக்சிலேட்டரை அழுத்தினால் கியரைக் கீழே இறக்கும் வெறும் கிக்டவுன் கேபிள் அல்ல, பெட்டிக்குள் ஆயில் அழுத்தத்தை நிர்ணயிப்பதே அதுதான். அது தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரமாக, மெத்தென்று மாறும். ஓட்டச் சுகமாகத்தான் இருக்கும், உள்ளே மூன்றாம், நான்காம் கியருக்கான கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். அதே குடும்பத்தில் ரிவர்ஸ், இரண்டாம் கியர், நான்காம் கியர் எல்லாம் ஒன்றாகப் போய் முதல் கியரும் மூன்றாம் கியரும் மட்டும் மிஞ்சினால், சன் ஷெல் (உள்ளே சன் கியரோடு பிணைந்த உலோகக் கூடு) உடைந்திருக்கவே அதிக வாய்ப்பு. அப்போது லிங்கேஜைத் திருகுவது வீண் வேலை.

மேட்டுவண்டி

கட்டுரைக்கு நன்றி. வண்டி உருண்டதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

மவுன்ட்போச்சு

கிரீஸ்கை சார், புஷ் மாற்றியும் தொந்தரவு தொடர்ந்தால் இன்ஜின் மவுன்டை (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்) பாருங்கள். என் டிரக் சும்மா போகும்போது ஒழுங்காகப் போகும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் டிரைவிலிருந்து தானாக நியூட்ரலுக்கு நழுவும். காலை எடுத்தால் மறுபடி "டக்" என்று விழும். பார்த்தவர்கள் பெட்டிக்குள் ஸ்லிப் ஆகிறது என்றே அடித்துச் சொன்னார்கள்.

கடைசியில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பானெட்டைத் திறந்து, நான் பக்கவாட்டில் நின்றேன். தம்பி உள்ளே பிரேக்கை முழுசாக மிதித்தபடி டிரைவில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தான். இன்ஜின் ஒரு பக்கமாக எழுந்தது! ரப்பர் அறுந்து, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. இன்ஜினோடு கியர்பாக்ஸும் திரும்ப, லிங்கேஜ் கம்பி கியரைத் தானே இழுத்துவிட்டது.

பெட்டியா லிங்கேஜா என்று தெரிய வேண்டுமா? இன்ஜினை அணைத்து, கட்டை கொடுத்து, அடியில் கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் லீவரைக் கையால் தள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளமும் தெளிவாக "க்ளிக்" என்று கையில் தெரிந்தால் உள்ளே செலக்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியேதான்.

நாலுசக்கரம்

ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். வாங்கப் போன ஒரு நாலுசக்கர டிரக், எந்தக் கியரிலும் நகரவில்லை. பார்க்கில் போட்டுத் தள்ளினால் உருளுகிறது. விற்பவர் "பெட்டி காலி, இரும்பு விலைக்கு எடுத்துக்கோங்க" என்றார். குனிந்து பார்த்தேன், கேபின் தரையில் இருந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) லீவர் நியூட்ரலில் நின்றது. அதற்கு அப்புறம் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் தொடர்பே கிடையாது, பார்க் கொக்கி விழுந்தும் பயனில்லை. லீவரை 2எச்-க்கு (இரு சக்கர ஓட்டத்துக்கு) தள்ளினேன், வண்டி நகர்ந்தது. விற்பவர் உடனே விலையை ஏற்றிவிட்டார்.